ராக்கெட் விடட்டும், தீக்குச்சி மருந்து வேண்டாம்

(அறக்கட்டளையின் மாணவர் – பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



விடுமுறை வந்தால் நம் மொட்டை மாடிகளில் ராக்கெட் ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. தீக்குச்சி மருந்தைச் சுரண்டி, பட்டாசைப் பிரித்து, குழாயில் அடைத்துப் பற்ற வைக்கிறார்கள். பார்த்த பெற்றோர் கண்டிக்கிறோம். கண்டிப்பது சரி. ஆனால் அத்தோடு பிள்ளையின் ஆர்வத்தையும் சேர்த்து அணைத்துவிடக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சுரண்டும்போது ஏற்படும் உராய்வே மருந்தைப் பற்ற வைக்கும். குழாயில் இறுக அடைத்தால் அது பறக்காமல் வெடித்துச் சிதறலாம். போன கண்ணும் விரலும் திரும்ப வராது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது, அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு ராக்கெட்டின் பாகங்களை இணைப்பதும் பாதுகாப்பும்தான். பயந்தவர்களின் வேலையல்ல பாதுகாப்பு. விஞ்ஞானியின் முதல் வேலை அது.

பிள்ளைகளுக்கு நெருப்பில்லாத ராக்கெட் இருக்கிறது. காலியான குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைக் கார்க்கில் குத்தி, வாயை இறுக மூடுங்கள். பாட்டிலைத் தாங்கியில் தலைகீழாக நிறுத்தி, நீண்ட குழாய் வைத்த சைக்கிள் பம்பால் தள்ளி நின்று காற்றடியுங்கள். அழுத்தம் கூடியதும் கார்க் கழன்று, தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி கண்முன்னே தெரியும்.

மாடியில் வேண்டாம், திறந்த மைதானத்தில் விடுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். பாட்டிலின் மேல் யாரும் குனியக் கூடாது. கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. தண்ணீரின் அளவை மாற்றி மாற்றி, எது உயரப் போனது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆராய்ச்சி என்பது அதுதான்.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக், தம் 18ஆம் வயதில் நண்பர்களோடு 64 கிராம் எடையில் 'கலாம்சாட்' என்ற கருவியை உருவாக்கினார். 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட் அதைச் சுமந்து சென்றது. அவருக்குத் துணை நின்றது நம் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனோடு மகளையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். தேவை ஒரு பாட்டில், ஒரு பம்பு, உங்கள் ஒரு மணி நேரம்.