மஞ்சள் கண்ணை மறைக்காதீர்கள்
(கற்பிட்டியில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செங்கண்மாரி கண்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்துகிறோம். நாட்கூலி போய்விடுமே என்று கண் மஞ்சளோடு வேலைக்கும் போகிறோம்.

2007இல் கம்பளையில் பலரைப் படுக்கவைத்தது ஏ வகை ஈரல் அழற்சி. அழுக்குத் தண்ணீராலும் உணவாலும் தொற்றுவது. அதற்கென்று தனி மருந்து இல்லை. ஓய்வு, நீராகாரம், வழமையான சாப்பாடு போதும். பெரும்பாலானோர் சில வாரங்களில் பூரண சுகமடைவார்கள். பி, சி வகைகளோ ஈரலில் நாட்பட்டுத் தங்கிவிடக்கூடும். எந்த வகை என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

சாராயம் தொடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் பனடோலும் போடாதீர்கள். தடுமாற்றம், பிதற்றல், இரத்தக் கசிவு, நிற்காத வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது.

நம்முடையது மணல் பூமி. கிணறுகள் ஆழமில்லை, மலக்குழி நீர் இலகுவில் ஊறிச் சேரும். கொதித்தாறிய நீரையே குடியுங்கள், சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

ஓய்வுதான் மருந்தென்றால், ஓய்வு நாளின் சம்பளமும் மருந்துதான். சம்பளத்தோடு சுகவீன லீவு, கிணற்றுக்குத் தூரமாய் மலசலகூடம்: இவ்விரண்டையும் சங்கமாய் நின்று கேட்போம்.