பிள்ளைக்கு என்ன வயசு?

பட்டம் வாங்கி வெளியேறும் மருந்தாளுநர்களே, செவிலியர்களே, உங்களைப் படிக்கவைத்த பெற்றோரே!

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பை 2025 அக்டோபர் தொடக்கத்தில் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

ஆலை செய்த குற்றத்துக்கு மருந்து எழுதியவரும் எடுத்துக்கொடுத்தவரும் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நச்சு லேசாக இனிக்கும். பாட்டிலைத் தூக்கிப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பிள்ளைக்கு அந்த பாட்டில் வேண்டியிருந்ததா? கோல்ட்ரிஃப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலும் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சிரப் சுத்தமாகவே இருந்திருந்தாலும் பல வீடுகளுக்கு அது போயிருக்கக் கூடாது. ஆய்வுக்கூடம் பிடிக்கத் தவறும் நஞ்சைக்கூட, தேவையில்லாத மருந்தைக் கொடுக்காத கை தடுத்துவிடும்.

நாம் கொடுக்காவிட்டால் பிள்ளையின் தாய் அடுத்த கடைக்குப் போவாள் என்பீர்கள். போகக்கூடும். சாதாரணச் சளி பெரும்பாலும் தானாகவே போகிறது; பெயர் வாங்கிக்கொள்வது சிரப். அதனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள், விவரம் சொல்லி அனுப்புங்கள். மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தூங்கும் முன் கொஞ்சம் தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. ஒரு வயதுக்குள் அதே தேன் ஆகாது. குழந்தையின் குடலில் பாட்டுலிசம் கிருமி வளர்ந்து நரம்பைத் தாக்கலாம். தேனுக்கே வயது பார்க்க வேண்டியிருக்கும்போது சிரப்புக்குப் பார்க்க வேண்டாமா?

சாயங்கால நெரிசலில் ஒருவர் கையை நீட்டி, "பிள்ளைக்குச் சளி, ஒரு மருந்து தாங்க" என்பார். அலமாரிப் பக்கம் திரும்புமுன் பிள்ளைக்கு என்ன வயசு என்று கேளுங்கள்.