சகலை சொன்ன சாட்சியம்: மாபாரில் இப்னு பதூதா

இப்னு பதூதாவை நாம் பெரும்பாலும் வளம் தேடித்தான் படிக்கிறோம். 1325இல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இந்தப் பயணி எந்த ஊரில் என்ன விளைந்தது, எந்தத் துறையில் எத்தனை கப்பல் நின்றது என்றெல்லாம் சொல்வார். அதை எடுத்துக்காட்டி நம் பழம்பெருமையை நிறுவிக்கொள்வோம். அரபிகள் மாபார் என்று அழைத்த நம் கிழக்குக் கரையில் 1344 வாக்கில் அவர் வந்திறங்கியபோதும் புகழ்வதற்குப் பஞ்சமில்லை. ஃபத்தன் என்று அவர் குறிக்கும் துறைமுகத்தில் பெருமரத் தூண்கள்மேல் நிற்கும் மண்டபம், அதற்கு ஏறிப்போகக் கூரை வேய்ந்த மரப்பாதை, கல்லால் எழுப்பிய பள்ளிவாசல், நல்ல திராட்சை, மாதுளை. பாண்டியர் காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கிய கரையல்லவா! ஆனாலும் அவர் நூலில் விலை குறைந்த பகுதி இதுதான் என்பேன். வளத்தைப் புகழ்வதில் பயணிக்கு எந்த நஷ்டமும் இல்லை. தம்மவருக்கு எதிராகவும் தமக்கே பாதகமாகவும் அவர் பேசும் இடங்களில்தான் சாட்சியம் தொடங்குகிறது.

மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம்கானி அவருக்குச் சகலை. மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள்களில் ஒருவரை இப்னு பதூதா டெல்லியில் மணந்திருந்தார். இன்னொரு மகள் கியாசுத்தீனின் மனைவி. உறவினராகப் பாசறைக்குப் போகிறார். காலில் தோலுறை அணியாமல் சுல்தான் முன் போகக்கூடாது. இவரிடம் அது இல்லை. சுற்றிலும் எத்தனையோ முஸ்லிம்கள் நிற்க, கொடுத்து உதவியவர் ஓர் இந்து. அதை வியப்போடு பதிகிறார். பிறகு வருவது கொடுமை. காட்டில் பிடிபட்டவர்களை, அவர்களே சுமந்து வந்த கழுமரங்களில் ஏற்றுகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் வெட்டப்படுகிறார்கள். ஒருநாள் காஜி வலப்புறமும் இவர் இடப்புறமும் அமர்ந்து சுல்தானோடு உண்கையில், ஒரு கைதியும் மனைவியும் சிறு மகனும் கொண்டுவரப்படுகிறார்கள். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்; எழும்போது தலைகள் தரையில் கிடக்கின்றன. வேறெந்த அரசனும் இப்படிச் செய்து தாம் கண்டதில்லை என்றும், இதனால்தான் இறைவன் அவன் சாவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதுகிறார்.

பத்து ஆண்டுகளுக்குப்பின் மொராக்கோவில் இப்னு ஜுஸய் என்பவரிடம் வாய்மொழியாகச் சொன்ன நூலாயிற்றே, அதை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இந்தியக் கடலில் கொள்ளைபோனவற்றில் தம் குறிப்புகளும் இருந்ததாக அவரே சொல்கிறார். மெக்கா, டமாஸ்கஸ் பகுதிகளில் முந்தைய பயணி இப்னு ஜுபைரின் வரிகள் அப்படியே வந்திருக்கின்றன; சீனப் பயணத்தை ஐயுறுவோரும் உண்டு. மாபாருக்கு அப்படி எடுத்தாள முன்னோர் நூல் ஏது? அவர் பெயர் சொல்லும் சுல்தான்களின் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் துருக்கரோடு போரிட்டு மாண்டதைக் கன்னடக் கல்வெட்டுகளும் சொல்கின்றன. பிடிபட்ட அவனை விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையும் யானை குதிரைகளையும் வாங்கிக்கொண்டு கியாசுத்தீன் கொன்று, உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைத் தாமே கண்டதாக இப்னு பதூதா சொல்கிறார்.

இதை ஒரு மதத்தின் மேல் குற்றப்பத்திரிகையாக வாசிப்பவர்களுக்கு நூலே இடம் தரவில்லை. கண்டிக்கும் இப்னு பதூதாவே இஸ்லாமியச் சட்டம் கற்ற காஜி. வல்லாளன் படையிலேயே இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாகச் சொல்பவரும் அவரே. எண்ணிக்கையைப் பெரிதுபடுத்தியிருக்கலாம், இல்லாத ஒன்றைச் சொல்ல அவருக்குத் தேவையில்லை. காரியம் ஆகாத கசப்பில் சகலையைத் தூற்றினார் என்ற வாதமும் எடுபடாது. மாலத்தீவின் மேல் படையெடுக்க அவர் கப்பல் கேட்டார், சுல்தான் இசைந்தார், மூன்று மாதம் கடலோட முடியாது என்றதால்தான் தாமதம். தலைகள் உருண்டதைப் பார்த்தவர் அந்தக் கையிலிருந்தே படை கேட்டார் என்பது அவருக்குப் பெருமையல்ல. அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பின்னாளில் மதுரையை மீட்ட விஜயநகர இளவரசர் குமார கம்பணனின் மனைவி கங்காதேவியும் சுல்தான்களின் கொடுமையை 'மதுரா விஜயம்' நூலில் பாடினார். வென்றவர் தரப்பு என்று அதை ஒதுக்கலாம். சுல்தானின் பந்தியில் உண்டவர் சொன்னதை அப்படி ஒதுக்க வழியில்லை.