பனிமலையில் ஒரு கணக்கெடுப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு ரயில்வே குமாஸ்தாவைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இலக்கியம் பேசும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும், ஓராண்டாக இக்காலனியில் பலர் நல்லெண்ணத்தோடு எங்களைக் கேட்டு வரும் ஒரு கேள்விக்கு விடை கூறும் கடமை எமக்கு உண்டு. “எம்.எஸ்ஸி. படித்த பெண், மலையில் போய் ஆடு எண்ணிக் கொண்டிருக்கிறாளாமே?” என்பதே அக்கேள்வி. கேட்டவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் சிறிதும் இல்லை. அக்கேள்வியை முதன்முதல் கேட்டவர்களே நாங்கள்தாம்.

எங்கள் மகள் விலங்கியலில் பட்டம் பெற்றதும் வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நம்பியிருந்தோம். அவளோ ஓர் ஆய்வு நிறுவனத்தில் பருவகாலக் களப்பணி ஒன்றை ஏற்றுக்கொண்டாள். கோடையில் இரண்டு மாதம், கடுங்குளிரில் மூன்று மாதம், ஊதியம் சிறிது, வேலையும் நிரந்தரம் அன்று. இடமோ இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. அன்றிரவு எம் துணைவியார் உணவு கொள்ளவில்லை. “பெண் பிள்ளைக்கு அந்தப் பனியில் ஏதாவது ஒன்று ஆனால் யாரைக் கேட்பது?” என்றார். எம்மிடம் விடை இல்லை.

அவ்விடம் எத்தகையது என்பதை முதலில் கூறிவிடுகிறோம். கால்காவிலிருந்து புறப்படும் சிறு ரயில் 1903-ஆம் ஆண்டு முதல் சிம்லா வரை செல்கிறது. அதற்கப்பால் நம் இருப்புப்பாதை இல்லை. சட்லஜ் ஆற்றை ஒட்டி ராம்பூர், கின்னௌர் வழியாகச் சென்று, பின்னர் ஸ்பிதி ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு மேலேறினால் காஜா என்னும் ஊர் வரும். மணாலியிலிருந்து வரும் மற்றொரு வழி, ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடக்க வேண்டியிருத்தலின், குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும். காஜாவுக்கு மேலே, ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் இருப்பது கிப்பர் என்னும் சிற்றூர். நீலகிரியில் நாம் அண்ணாந்து பார்த்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்றால், கிப்பரின் உயரத்தை நீங்களே உணரலாம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. புதிதாய்ச் செல்வோர் சில நாள் ஓய்ந்து உடலைப் பழக்கிக்கொள்ளாவிடில் தலைவலியும் வாந்தியும் காணும். பொருட்படுத்தாமல் மேலேறினால் உயிருக்கே கேடு விளையும்.

அங்கே வாழ்வது பனிச்சிறுத்தை. பன்னிரண்டு நாடுகளின் உயர்மலைகளில் பரவியுள்ள விலங்கு அது. சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி வளையங்கள் உடையது. ஏறத்தாழ உடல் நீளத்திற்கே வால் உடையது. பாறையோடு பாறையாய்க் கிடந்தால் பத்தடி தூரத்திலும் கண்ணுக்குப் புலப்படாதது. 1973-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷேலர் என்னும் விலங்கியல் அறிஞரும், பீட்டர் மத்தீசன் என்னும் எழுத்தாளரும் நேபாளத்தின் தோல்போ பகுதிக்குக் கால்நடையாகச் சென்றனர். அங்குள்ள பரல் என்னும் நீலநிறக் காட்டாடு குளிர் தொடங்கும் பருவத்தில் இணைசேர்வதைக் காண்பதே ஷேலரின் நோக்கம். மத்தீசன் அப்பயணத்தைப் பற்றி 1978-ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். நூலுக்குப் பனிச்சிறுத்தை என்றே பெயர். ஆனால் அவர் அப்பயணத்தில் அவ்விலங்கைக் கண்ணால் காணவே இல்லை. எங்கள் மகளும் முதற்பருவம் முழுதும் அதைக் காணவில்லை. “காணாத விலங்கை எப்படியம்மா எண்ணுவாய்?” என்று கேட்டோம். “அப்பா, நீங்கள் சரக்கு வண்டியை எண்ணியது போலத்தான்” என்றாள்.

அன்பர்களே! இச்சொல்தான் எம் கண்ணைத் திறந்தது. யாம் பணியில் சேர்ந்த புதிதில், யார்டில் வந்து நிற்கும் சரக்கு வண்டிகளின் வேகன் நம்பர் எடுப்பது எம் வேலை. ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்கம் கொண்ட எண் உண்டு. எவ்வகை வேகன், எந்த ரயில்வேக்கு உரியது, எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அதன் தனி எண் யாது என்பதெல்லாம் அதனுள் அடக்கம். இறுதி இலக்கம் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே வைக்கப்பட்டது. பனிச்சிறுத்தைக்கு அதன் உடற்புள்ளிகளே எண். எந்த இரண்டு சிறுத்தைக்கும் புள்ளிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. வேகனுக்கு இருபுறமும் ஒரே எண்தான்; சிறுத்தைக்கோ இடப்புறம் வேறு, வலப்புறம் வேறு. பிழை காட்டும் இறுதி இலக்கமும் அதற்கு இல்லை. ஆதலின் வேலை நம்முடையதினும் கடினம்.

சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுக்கும் கேமராக்களை, சிறுத்தை நடந்து செல்லும் முகடுகளிலும் பாறை அடிகளிலும் பொருத்துகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அவ்விலங்கு இணைசேரும் காலம். அப்போது அது பாறைகளில் மணம் தெளித்தும், தரையைக் கால்களால் கீறியும் தன் வழியெங்கும் அடையாளம் இடும். பனியில் அடிச்சுவடும் பதியும். ஆதலின், நாம் கம்பளிக்குள் முடங்கும் மாதங்களே அவர்களுக்கு ஏற்ற பருவம். கேமராவின் முகத்தைப் பனி மூடிவிடும். குளிரில் பாட்டரி தளர்ந்துவிடும். மீண்டும் மீண்டும் ஏறிச்சென்று பார்க்க வேண்டும். கோடையிலோ வேறு வேலை. அப்போதுதான் அவள் ஆடு எண்ணுகிறாள். சிறுத்தைக்கு இரை அக்காட்டாடு. இரை எத்தனை என்று தெரியாமல் சிறுத்தை நிலைக்குமா என்று கூற இயலாது. இரண்டு குழுவினர் சற்று இடைவெளி விட்டு ஒரே வழியில் நடந்து, ஒருவரோடொருவர் பேசாமல், கண்ட மந்தைகளைத் தனித்தனியே குறிக்க வேண்டும். இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டும் கண்டவை எத்தனை என்று ஒப்பிட்டு, இருவர் கண்ணுக்கும் தப்பியவை எத்தனை இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

பிழைபட்ட கணக்கினால் என்ன கேடு என்று நீங்கள் வினவலாம். 2020-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைக் கூறுகிறோம். காட்சிச்சாலைகளில் வாழும் 16 பனிச்சிறுத்தைகளின் படங்களை எட்டுப் பேரிடம் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னார்கள். ஒரே விலங்கை இரண்டு விலங்காக எழுதும் பிழையால், மொத்தக் கணக்கு உண்மையினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அவை காகிதத்தில் மட்டும் உலவும் சிறுத்தைகள். 2017-ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பனிச்சிறுத்தையை அபாய நிலையிலிருந்து ஒரு படி கீழிறக்கிப் பட்டியலிட்டபோது, வாழிடத்தில் மிகச் சிறு பகுதியே முறையாக எண்ணப்பட்டிருக்கையில் இவ்வாறு செய்யலாமா என்று அறிஞர் சிலர் மறுத்தனர். கணக்கு மிகுந்தால் விலங்குக்குப் பாதுகாப்புக் குறையும். கணக்குக் குறைந்தால், அம்மலையில் யாக்கும் ஆடும் மேய்த்துப் பிழைக்கும் எளியோர்மேல் தடைகள் கூடும். இரண்டும் அநீதியே.

ஈண்டு எம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாத இரவில், கைவிளக்கின் ஒளியும் ஊடுருவாத மூடுபனியில், வண்டியின் கடைசி வரை நடக்கச் சோம்பி, கடைசி நான்கு வேகன்களின் எண்களைப் பழைய சீட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். வழியில் ஒரு வேகன் கழற்றப்பட்டு வேறொன்று கோக்கப்பட்டிருந்தது. இருந்த வேகன் கணக்கில் இல்லை. இல்லாத வேகன் கணக்கில் நின்றது. சரக்குக்கு உரியவர் மூன்று வாரம் அலைந்தார். அவர் முகம் இன்றும் எம் நினைவில் உண்டு. பிழை எம்முடையது என்று அன்று யாம் வாய் திறக்கவில்லை.

சென்ற பிப்ரவரியில் ஸ்பிதியில் பெரும்பனி பெய்தது. ஆறு நாள் மகளிடமிருந்து தொலைபேசி இல்லை. ஏழாம் நாள் அழைப்பு வந்தது. “போதும் கண்ணே, வந்துவிடு” என்று அழுதார் எம் துணைவியார். “அம்மா, மேலே இரண்டு கேமரா இன்னும் இருக்கின்றன. வழி சரியாகிவிட்டது என்று ஊர் அண்ணன்மார் சொன்ன பிறகுதான் போவோம். ஆனால் அவற்றை எடுக்காமல் வந்துவிட்டால், அந்தப் பள்ளத்தாக்கு கணக்கிலேயே இல்லாமல் போய்விடும்” என்றாள். தொலைபேசியை எம்மிடம் நீட்டிய துணைவியார், “நீங்கள் சொல்லுங்கள்” என்றார். எமக்கு அந்த மூடுபனி இரவு நினைவுக்கு வந்தது. “முடித்துவிட்டு வா அம்மா” என்றோம். துணைவியார் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை.

நான்கு நாள் கழித்து அவர்கள் ஏறிச்சென்று கேமராக்களை எடுத்து வந்தனர். ஒன்று பனியில் புதைந்து படமே எடுக்கவில்லை. மற்றொன்றில் நரிகளும், முன்னரே எண்ணப்பட்ட ஒரு சிறுத்தையும் இருந்தன. புதிய விலங்கு ஒன்றும் இல்லை. அவள் அவ்வாறே எழுதினாள். “இவ்வளவு பாடுபட்டும் ஒன்றும் இல்லையே” என்றதற்கு, “இல்லை என்று தெரிந்ததும் ஒரு கணக்குத்தானே அப்பா” என்றாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யாம் செய்யத் தவறியதை எம் மகள் செய்தாள் என்று அன்று உள்ளம் நெகிழ்ந்தோம்.

இத்தகையோர் பலர் நடந்து எழுதிய சிறு கணக்குகள் சேர்ந்தே பெருங்கணக்கு ஆகின்றன. 2019 முதல் 2023 வரை இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒருங்கிணைத்து நடத்திய முதல் தேசியக் கணக்கெடுப்பில், 1,971 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 13,450 கிலோமீட்டர் தூரம் அடையாளம் தேடி நடந்தனர். படத்தில் அகப்பட்ட தனி விலங்குகள் 241. அதிலிருந்து இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன என்று கணித்து, 2024 ஜனவரியில் வெளியிட்டனர். அவற்றுள் லடாக்கில் மட்டும் 477. இமாசலத்தில் 51. பின்னர் 2025-இல் வெளியான இமாசலத்தின் அடுத்த கணக்கில் 83. ஆனால் முதற்கணக்கு 34 முதல் 73 வரை என்றும், இரண்டாம் கணக்கு 67 முதல் 103 வரை என்றும் எல்லை வகுத்தே கூறப்பட்டுள்ளன. ஆதலின் 32 சிறுத்தைகள் புதிதாய்ப் பிறந்தன என்று துள்ளிக் குதித்தல் ஆகாது என்பாள் எம் மகள். தெரிந்ததைத் தெரிந்த அளவே கூறும் இவ்வடக்கம் எமக்கு மிகவும் பிடித்தது.

இன்னும் ஒன்று. இமாசலத்தில் அக்கேமராக்களைச் சுமந்தேறிப் பொருத்தியவர்களுள் முதன்மையானோர் கிப்பர் ஊர் இளைஞர்களே. பின்னர் வந்த கணக்கெடுப்பில் படங்களை இனம் பிரிக்க அவ்வூர்ப் பெண்களும் கற்றுக்கொண்டனர். தம் ஆட்டையும் கன்றையும் சிறுத்தைக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் அவை. அவ்வூரார் 1998-ஆம் ஆண்டு தம் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டாடுகளுக்கென்று ஒதுக்கினர். பின்னர் இறந்த கால்நடைக்கு ஈடு தரும் காப்புறுதித் திட்டத்தையும் தாமே நடத்தத் தொடங்கினர். அவர்கள் வீட்டு அடுப்படியில் உறங்கி, அவர்கள் தந்த சூட்டுத் தேநீர் பருகியே எங்கள் மகள் மூன்று மாதம் உயிரோடிருந்தாள். அத்தாய்மார்களுக்கு இம்மேடையிலிருந்து நன்றி கூறுகிறோம். பிழைப்புத் தேடி வந்த இடத்தில் அயலார் காட்டும் அன்பின் அருமையை நம் காலனித் தமிழருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேலும், ஸ்பிதியில் உருகும் பனி சட்லஜில் கலந்து, பக்ரா அணையில் தேங்கி, கால்வாய் வழியே இச்சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. நம் சோற்றிலும் அம்மலைக்குப் பங்கு உண்டு.

பெற்றோர்களே! பிள்ளைகள் கேட்ட வழிக்கெல்லாம் அனுப்புங்கள் என்று கூற யாம் வரவில்லை. யாருடன் செல்கிறார்கள், மருத்துவ உதவி எங்கே, திரும்ப வழி என்ன என்று கேளுங்கள், நாங்களும் கேட்டோம். ஆனால் நிரந்தர வேலை இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு வேலையை இழிவாகக் கருதாதீர்கள். ஒருவரும் பாராத இடத்தில், ஒருவரும் மெச்சாத குளிரில், கண்டதைக் கண்டவாறு எழுதி வருவதும் ஒரு தொண்டே ஆகும்.

வரும் ஜனவரியில் அவள் மீண்டும் புறப்படுகிறாள். இம்முறை துணைவியாரே கம்பளிக் காலுறைகள் பின்னி வைத்திருக்கிறார். பருப்புப் பொடியும் இடித்தாகிவிட்டது. ஆதலின் இனி யாரேனும், “உங்கள் பெண் ஆடு எண்ணுகிறாளாமே?” என்று கேட்டால், “ஆம், சரியாக எண்ணுகிறாள்” என்பதே எங்கள் விடை.