கையில் பொருளில்லாதார் கணக்கில் நின்றது
(விழுப்புரம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் முன்னோர்க்கு மில் இல்லை, பாங்கி இல்லை. உத்தியோகத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே இருந்தனர். இருந்ததெல்லாம் ஜனத்தொகை ஒன்றே. வயது வந்தோர்க்கெல்லாம் வோட்டுரிமை வந்தபின் அதுவே மூலதனமாயிற்று. 1952 தேர்தலில் ஸ்ரீமான் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களும், ஸ்ரீமான் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களும் பெற்றன. 375 பேர் கொண்ட சபையில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிட்டாதபடியால், அந்தச் சிலரை நாடவேண்டியதாயிற்று. நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையிலும், படையாட்சியார் 1954-ல் காமராஜர் மந்திரிசபையிலும் அமர்ந்தனர். கட்சிகளோ கலைந்தன. மந்திரி பதவி இருவர்க்கு வந்தது. கல்லூரி ஸ்தானம் நம் பிள்ளைகளுக்கு வந்ததா? அதை நான் அக்காலத்தின் குறையென்றே கருதுகிறேன்.

திண்டிவனத்தில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் ராமதாஸ் 1980-ல் சிதறிய சங்கங்களை ஒன்றாக்கினார். இம்முறை கேட்டது பதவியன்று, ஒதுக்கீடு. 1987 செப்டம்பர் 17 முதல் ஏழு நாள் சாலை மறியல்; 21 உயிர்கள் போயின. அவ்வீடுகளில் உழைக்கும் கை போனபின் அடுப்பு எவ்வாறு எரிந்ததென்று எத்தனை பேர் விசாரித்தோம்? 1989-ல் மிகவும் பிற்பட்டோர்க்கு நூற்றுக்கு 20 கிடைத்தது. அது பிற சிறு சமூகத்தார்க்கும் உரியதாயிற்று என்பது நமக்குப் பெருமையே.

2021-ல் இயற்றிய 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2022-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. தக்க புதிய புள்ளிவிவரம் இல்லையென்றது. ஆதலின் தாய்மார்களே, கணக்கெடுப்போர் வாசலுக்கு வருங்கால், பிள்ளைகளின் படிப்பையும் கடனையும் கூச்சமின்றி உள்ளபடியே சொல்லுங்கள்.