வெள்ளானையும் வெள்ளை யானையும்



லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறிப் பொங்கோல் நோக்கிச் செல்வோர் வழியில் புவாங்கோக் நிலையத்தைக் கடப்பர். 2003 ஜூன் மாதம் வடகிழக்குப் பாதை திறக்கப்பட்டபோதே அந்நிலையம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. எனினும், போதிய பயணிகள் இரார் என்று கருதப்பட்டமையால் அது திறக்கப்படவில்லை. ரயில்கள் அங்கு நில்லாமலே சென்றன. 2005 ஆகஸ்டில், அமைச்சர் ஒருவர் அவ்வட்டாரத்திற்கு வருகை தந்த வேளையில், நிலையத்தருகே அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் நின்றன. விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. காவல்துறை விசாரித்தது; நாளிதழ்கள் எழுதின. 2006 ஜனவரி 15ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது.

அந்த அட்டை யானைகளை நிறுத்தியவர்கள் ஆங்கிலத் தொடரின் பொருளைச் சரியாகவே அறிந்திருந்தனர். வைத்துக் காக்கச் செலவாகும்; அச்செலவுக்கு ஈடான பயன் இராது; வேண்டாமென்று எளிதில் கைகழுவவும் இயலாது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் ஒன்று வெள்ளை யானை. பெரியது, விலை மிக்கது என்பதற்காக மட்டும் எதையும் அவ்வாறு அழைத்தல் பிழை. நம் மாணவர் கட்டுரைகளில் ‘வெள்ளை யானை போன்ற மாளிகை’ என்று காண்கிறோம். மாளிகையில் மக்கள் வாழ்கிறார்கள் என்றால் உவமை பொருந்தாது. புவாங்கோக்கில் பயணிகள் இறங்கத் தொடங்கிய அன்றே அதன் வெண்மையும் போயிற்று!

வெறுத்த அரசவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, அதன் தீனிச் செலவாலேயே அவர்களைச் சயாம் மன்னர்கள் நொடிக்கச் செய்தனர் என்று இத்தொடருக்கு ஒரு கதை கூறுவர். சுவையான கதைதான், நான் அதை நம்புவதில்லை. வெள்ளை யானைகளின் பொருட்டு 1563இல் பர்மிய மன்னர் அயுத்தியாமீது படையெடுத்தார். 1917 வரை சயாமின் கொடியிலும் வெள்ளை யானையே நின்றது. அவ்வளவு போற்றிய ஒன்றையா தண்டனையாக வழங்கியிருப்பர்? சயாம் மன்னர் சூலலங்கோர்ன் 1871இல் சிங்கப்பூர் வந்து சென்றதன் நினைவாக நமக்கு வழங்கிய யானை பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் இன்றும் நிற்கிறது. அது வெண்கல யானை, தீனி கேட்பதில்லை.

இதை நான் விரித்துரைக்கக் காரணம் ஒரு மாணவியின் வினா. சுந்தரர் கயிலை சென்ற வரலாற்றைப் பாடமாக நடத்தியபோது அவர் கேட்டார்: “ஐயா, இறைவன் ஏன் பயனற்ற யானையை அனுப்பினார்?” வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியபுராணத்தின் இறுதிச் சருக்கத்திற்கு வெள்ளானைச் சருக்கம் என்றே பெயர். இந்திரனின் ஐராவதமும் வெண்ணிறத்ததே. தாராசுரத்துக் கோயிலில் இறைவன் பெயரே ஐராவதேசுவரர். அந்த வெண்மை முழுவதையும் இரவல் தொடர் ஒன்று அம்மாணவியின் மனத்தில் மறைத்துவிட்டது.

தமிழில் இதற்குத் தொடர் இல்லையா? ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்கிறோம். ஆனால், அது செலவின் சுமையைச் சொல்லுமேயன்றி யானை பயனற்றது என்று சொல்லாது. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று யானையை மதித்தவர்கள் வேறெப்படிச் சொல்லியிருப்பர்? ஆகவே, சுமையை மட்டும் குறிக்குமிடத்தில் நம் தொடரே போதும். பயனின்மையையும் சேர்த்துக் குறிக்க வேண்டின், செய்தித்தாள்கள் வழியே வந்த ‘வெள்ளை யானை’யை எழுதலாம், அதை விலக்கச் சொல்லும் தூய்மைவாதி அல்லேன் நான்.

அம்மாணவிக்குக் கரும்பலகையில் இரண்டு சொற்களையும் அருகருகே எழுதிக் காட்டினேன். சுந்தரர் ஏறியது வெள்ளானை. புவாங்கோக்கில் நின்றது வெள்ளை யானை. இலக்கணப்படி இரண்டிற்கும் பொருள் ஒன்றே என்று அவர் உடனே மறுத்தார். அவர் சொன்னது சரி. ஆயினும், அடுத்த கட்டுரையில் இரண்டையும் அவர் வேறுபடுத்தியே எழுதியிருந்தார்.