பழைய வீட்டு வண்டி வாங்குமுன்



பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு கூண்டு வண்டியிலே திருவிழாவுக்குச் சென்று, வண்டியருகே சமைத்துண்டு, வண்டியினுள்ளே படுத்துறங்கி வந்த நம் முன்னோருக்கு, மேல்நாட்டார் காம்பர் வான் என வழங்கும் வீட்டு வண்டி பெரும் புதுமையாகத் தோன்றியிராது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, அலுமாரி யாவும் உள்ளடங்கிய மோட்டார் வண்டியே அது. அவ்வகையில் மிகுந்த புகழ் வாய்ந்தது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வண்டி. இங்கிலாந்தில் வாழும் என் சகோதரியின் மகன் பழைய வொக்ஸ்வாகன் ஒன்றை வாங்க விரும்பினான். விடுமுறையில் அவனோடு தங்கியிருந்த நானும் மூன்று வண்டிகளைப் பார்க்க உடன் சென்றேன். நான் கலை பயின்றவன், இயந்திரம் பயின்றவனல்லன். ஆயினும் எங்களுடன் வந்த முதிய மெக்கானிக் ஒருவர் காட்டியவற்றையும், பின்னர் படித்தறிந்தவற்றையும் கொண்டு சில கூறலாமென எண்ணுகிறேன். நம்மவர் பிள்ளைகள் பலர் அந்நாடுகளில் இருக்கின்றனர். அவர்களுள் எவரேனும் இவ்வாசை கொண்டால் இச்செய்திகள் உதவக்கூடும்.

வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்து நாட்டு வணிகரான பென் பொன் என்பவர் 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தம் குறிப்புப் புத்தகத்தில் வரைந்த எளிய படமொன்றே இதற்கு வித்து. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ற்பாலியா என்னும் நிறுவனம் இதனுள்ளே வைத்தற்குரிய படுக்கையும் பெட்டிகளும் செய்து விற்கலாயிற்று. முன்கண்ணாடி நடுவே இரு கூறாகப் பிரிந்திருப்பின் அது 1967 வரை ஜேர்மனியில் வந்த முதல் வகை. ஒரே வளைந்த கண்ணாடியாயின் இரண்டாம் வகை. ஜேர்மனியில் 1979 வரையும், பிறேசிலில் 2013 வரையும் அது கட்டப்பட்டது. ஜேர்மனியில் கட்டப்பட்ட இவ்விரு வகைகளுள் ஆக இளைய வண்டிக்கும் இன்று 45 வயது கடந்துவிட்டது என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

நாங்கள் முதலிற் பார்த்த வண்டி கண்ணைப் பறித்தது. கீழே இளநீலம், மேலே வெள்ளை, புதிய திரைச்சீலை, மெருகிட்ட மரப்பெட்டிகள். பிள்ளைகள் இருவரும் எங்கே படுப்பர் என்பதை மருமகனின் மனைவி அப்பொழுதே தீர்மானித்துவிட்டாள். விற்பவரோ தேநீர் தந்து உபசரித்தார். கேட்ட விலை இவர்களுடைய ஐந்தாண்டுச் சேமிப்பு முழுவதும். மெக்கானிக் திரைச்சீலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாரதியின் காலடியிலிருந்த றப்பர் விரிப்பைத் தூக்கினார். ஒரு திருப்புளியின் முனையை மெல்ல ஊன்றினார். அது தகட்டினூடே நிலத்தை நோக்கிச் சென்றது.

கறள்தான் இவ்வண்டிகளின் கூற்றுவன். லொறிக்கு உள்ளதுபோல, உடலைக் கழற்றி எடுத்தாலும் தனித்து நிற்கும் கனத்த அடிச்சட்டம் இதற்கில்லை. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வெல்டிங் செய்யப்பட்டவை. பாரத்தைத் தாங்குவன பெரும்பாலும் மெல்லிய தகடுகளே. மாரிகாலத்தில் பனி உறையாதிருக்க மேல்நாட்டு வீதிகளில் உப்புத் தூவுவார்கள். அவ்வுப்பு நீர் கீழிருந்து அரிக்கும். முன்கண்ணாடியைச் சுற்றிய றப்பர் வெடித்திருந்தால் மழைநீர் மேலிருந்து இறங்கி, சாரதியின் காலடித் தளத்தையும் அதன் கீழுள்ள முன்சட்டங்களையும் தின்றுவிடும். உள்ளே சமைப்பதாலும் உறங்குவதாலும் உண்டாகும் ஆவி, பெட்டிகளின் பின்னே குளிர்ந்து நீராகித் தேங்கும். மூன்று திசையிலிருந்தும் பகை வருகிறது.

ஆதலின் வண்டியின் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்குதல் தகாது. உடை அழுக்காகுமென்று அஞ்சுவோர் தொழிலறிந்த ஒருவரைக் கூலிக்கேனும் அழைத்துச் செல்லல் வேண்டும். ஒரு ரோச் விளக்கு, ஒரு சிறு காந்தம், ஒரு திருப்புளி: இவை போதும். கதவுகளின் கீழே நெடுகச் செல்லும் பக்க விளிம்பை முதலிற் பார்க்க வேண்டும். இரண்டாம் வகை வண்டியில் அது ஒரே தகடன்று. வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு என மூன்று. உள்ளே உளுத்துப்போன இரண்டையும் அப்படியே விட்டு, வெளியே புதிய தகடொன்றை மூடி ஒட்டிப் பளபளப்பாக்கி விற்பதுண்டு. கீழிருந்து பார்த்தாலன்றி இவ்வஞ்சகம் புலப்படாது. ஜாக்கி வைக்கும் இடங்கள், சக்கரங்களின் மேலுள்ள வளைவுகள், எஞ்சின் அறையில் பற்றறி இருக்கும் தட்டு, கூரையோரத்து நீரோடும் பள்ளம் ஆகியவற்றையும் தவறவிடலாகாது. காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதிய கறுப்புத் தார் பூசியிருந்தால் நான் மகிழமாட்டேன். எதனை மறைக்கப் பூசினார் என்றே கேட்பேன். பக்கத்துக் கதவை மூடிவிட்டுச் சுற்றியுள்ள இடைவெளியையும் நோக்குக. ஒருபுறம் விரல் நுழைய, மறுபுறம் தாள் நுழையாதிருப்பின் உடல் தொய்ந்துவிட்டது என்பதே பொருள்.

இரண்டாவது வண்டி பார்வைக்கு அவலட்சணம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து வெயிலிற் கிடந்து நிறம் வெளிறி, இருக்கைத் துணி கிழிந்து, எஞ்சினும் இயங்காத நிலையில் நின்றது. அடித்தகடோ தட்டிய இடமெல்லாம் கணீரென ஒலித்தது. மெக்கானிக் அதனையே விரும்பினார். எஞ்சின் சில மரையாணிகளிலே தொங்குவது. ஒரே நாளில் இறக்கி வேறொன்றை ஏற்றலாம். உளுத்த உடலைத் திருத்துவதற்கோ மாதங்கள் செல்லும்; கூலி வண்டியின் விலையையும் விஞ்சும். மருமகன் நெடுநேரம் தயங்கினான். ஆயினும் முடிவில் அந்த அவலட்சணத்தையே குறைந்த விலைக்கு வாங்கினான். மனைவி இரண்டு நாள் அவனோடு அதிகம் பேசவில்லை.

மூன்றாவது வண்டியை நாங்கள் விட்டமைக்குக் காரணம் வேறு. எஞ்சின் அறையில் பொறிக்கப்பட்ட அடையாள இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் செய்த கோடு தெரிந்தது. வேறொரு வண்டியின் இலக்கத் தகட்டை வெட்டி இங்கே ஒட்டியிருக்கலாம். 1960 களின் நடுப்பகுதி முதல் இவ்விலக்கத்தின் முதல் எண் 2 ஆகவும், மூன்றாம் எண் மாதிரியாண்டின் கடைசி எண்ணாகவும் அமைந்தன. பதிவுப் பத்திரத்தோடு இவ்விலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில், வாகனப் பதிவெண்ணைக் கொண்டு 2005 முதலான வருடாந்தப் பரிசோதனை முடிவுகளை எவரும் கட்டணமின்றி இணையத்திற் பார்க்கலாம். அங்கே 2018 மே முதல், 40 ஆண்டு கடந்து பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அப்பரிசோதனை கட்டாயமில்லை. விற்பவர் இதனை ஒரு சிறப்பாகச் சொல்லுவார். பல ஆண்டுகளாக எவரும் அவ்வண்டியைச் சோதிக்கவில்லை என்பதும் அதன் மறுபக்கம்.

எஞ்சினைப் பற்றிச் சிறிது. இது காற்றாற் குளிர்வது, தண்ணீர் இல்லை. விசிறி தள்ளும் குளிர்காற்றும் எஞ்சினின் வெப்பக்காற்றும் கலவாதபடி சுற்றிலும் தகரமும் றப்பர் விளிம்பும் உண்டு. அற்பமென்று அவற்றைக் கழற்றி எறிந்தவர்களின் எஞ்சின் வெந்துபோகும். பார்க்கச் செல்லுமுன், எஞ்சினை முன்கூட்டி இயக்கிவைக்க வேண்டாமென விற்பவரைக் கேட்டுக்கொள்ளுக; சென்றதும் தொட்டுப் பார்க்குக. குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். நின்ற நிலையில் விசிறிப் பட்டி ஓடும் கீழ்க்கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால், டக்கென்ற ஓசையோடு அசையுமாயின் உள்ளே பெருந்தேய்வு உண்டு.

உயிரோடு தொடர்புடையவை இரண்டு. ஒன்று தீ. பெற்றோல் செல்லும் றப்பர்க் குழாய் முதுமையால் வெடித்து, வெந்த எஞ்சின்மீது சொட்டுமாயின் வண்டி எரியும். எஞ்சினின் உடற்கூடு மக்னீசியக் கலப்புலோகம். பற்றிக்கொண்டால் அணைத்தல் அரிது. 2021 செப்ரெம்பர் முதல் இங்கிலாந்தில் வழமையாகக் கிடைக்கும் பெற்றோலிற் பத்து வீதம் வரை மதுசாரம் கலந்துள்ளது. பழைய றப்பரை அது விரைவிற் கெடுக்கும். ஆகவே வாங்கியதும், முதற் பயணத்துக்கு முன்னரே, குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். செலவு சொற்பமே.

மற்றது புகை. இவ்வண்டியைச் சூடாக்குவது புகைக்குழாயைச் சுற்றிய உறையினூடாக வரும் காற்று. உள்ளிருக்கும் குழாய் கறளால் ஓட்டையாயின் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிரயாணிகளிடம் வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அவ்வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. குழந்தைகள் உறங்கும் வண்டியில் அஃதில்லாதிருத்தலை நான் பொறுக்கமாட்டேன். சமையல் அடுப்பின் காஸ் குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டையும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

பிறேக், ரயர் ஆகியவை எவ்வண்டிக்கும் பொதுவாதலால் விரிக்கவில்லை. 1970 ஓகஸ்ட் முதலே முன்சக்கரங்களுக்குத் தட்டு பிறேக் வந்தது என்பதையும், ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டும் அது செய்யப்பட்ட ஆண்டு என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுக. கூரை உயரும் வகையாயின் அதனைத் தாமே தூக்கித் துணியின் மடிப்புகளை ஆராய்தல் நன்று. விற்பவர் தூக்கிக் காட்டினால் கிழிசல் அவர் கைக்குள்ளே மறைந்திருக்கும்.

எல்லாம் பொருந்தினாலும் அன்றே பணம் கொடுக்க வேண்டியதில்லை. பெருமழை பெய்த மறுநாள் மீண்டும் சென்று விரிப்புகளின் கீழே கையை வைத்துப் பார்த்து, ஈரமில்லையெனக் கண்டபின், வண்டியின் அடையாள இலக்கத்தையும், கொடுத்த தொகையையும், உடன்தரப்படும் பொருள்களையும் எழுதிய பற்றுச்சீட்டில் இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளலாம்.